சம்பந்தி பாக்கி

கொழும்பில் மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் பிள்ளைக்கு, ராயபுரத்தில் கருவாட்டுக் கிடங்கு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அம்மா எழுதுவது. சுகம் விசாரித்து ஒரு பக்கத்தை வீணாக்கப்போவதில்லை. உன் நைனாவுக்கு இருமல் குறையவில்லை, கிடங்கில் பாதிக்கு மேல் காலி, எனக்கு வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. இதைத் தபாலில் போடாமல் உன் தாய்மாமன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் வேலை பார்க்கும் கப்பல் இந்த வாரம் அங்கே வருகிறது. உனக்கு வருகிற கவர்களை உன் வருங்கால மாமனார் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று போன மாதம் நீயே எழுதியிருந்தாய். "என்னைச் சொந்தப் பிள்ளை மாதிரி நினைக்கிறார்" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு. சொந்தப் பிள்ளையின் கவரை நான் ஒருநாளும் பிரித்ததில்லையடா. தனியாக உட்கார்ந்து படி. படித்து முடித்ததும் நீ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். உன் கல்யாணம், இந்தக் கிடங்கு, இரண்டும் அந்த முடிவில்தான் இருக்கின்றன.

சிங்காரம் முதலாளி, சிங்காரம் முதலாளி என்று வாய் நிறையச் சொல்கிறாயே, அவருடைய அப்பா நம் காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்தவர். கடலுக்குப் போனால் சோறு, போகாவிட்டால் பட்டினி என்று இருந்தவர், இளவயதில் கொழும்புக்குப் போய்க் கருவாட்டுக் கடை வைத்து நிமிர்ந்தார். அந்த மனிதரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது உனக்கு நினைவிருக்கும். நாமும் ஓடினோம். கப்பல் நின்றது, அவருக்கு அனுப்பிய கருவாட்டுக்கு வர வேண்டிய நம் பணம் கொழும்பில் மாட்டிக்கொண்டது. போனது போனதுதான் என்று நான் அதைத் தலைமுழுகிவிட்டேன். சண்டை முடிந்து கப்பல் விட ஆரம்பித்ததும் அவர் மொத்தப் பணத்தையும் அனுப்பினார். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஓர் ஆளையும் கூட அனுப்பினார். உன் நைனா அன்றைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தார். நம் வீட்டுச் சனி அந்த அழுகையில்தான் உள்ளே வந்தது. பெரியவர் காலமாகிக் கடை சிங்காரத்தின் கைக்குப் போனதும், அப்பன் யோக்கியன் என்றால் பிள்ளையும் யோக்கியன் என்று உன் நைனா கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டிவிட்டார்.

கப்பலில் சரக்கு ஏற்றினால் கப்பல் கம்பெனிக்காரன் ஒரு காகிதம் தருவான். அதைக் காட்டினால்தான் அந்த ஊர்த் துறைமுகத்தில் சரக்கை வெளியே விடுவார்கள். விவரம் தெரிந்த வியாபாரி அந்தக் காகிதத்தை இங்கே பேங்கில் கொடுப்பான். அங்கே இருக்கிற பேங்கு, பணத்தை வாங்கிக்கொண்டு காகிதத்தை வாங்குகிறவனிடம் கொடுக்கும். பணம் இல்லையென்றால் காகிதம் இல்லை, காகிதம் இல்லையென்றால் சரக்கு இல்லை, சண்டை சச்சரவும் இல்லை. நம் குப்பத்து ஆட்களுக்கு இது பிடிக்காது. பேங்கு வழியாக அனுப்பினால் "உன்னை நான் நம்பவில்லை" என்று ஆளின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடுமாம். அதனால் காகிதத்தை வெற்றிலை பாக்கோடு மடித்து, தெரிந்த கப்பலாள் கையில் கொடுத்து நேரே அனுப்பிவிடுவோம். கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொள்வதை மரியாதை என்று நினைக்கிற ஜனம் நாம். சிங்காரத்துக்கு முதல் முதலாகச் சரக்கு அனுப்பும்போது நான் பேங்கு என்று வாயைத் திறந்தேன்.

"இன்னாடி பேசறே? அவுங்கப்பன் சண்டையில கூட நம்ம துட்ட அமுக்கல. அவனுக்கு காயிதம் குடுக்கறதுக்கு நடுவுல பேங்குக்காரன் இன்னாத்துக்கு?" என்றார் உன் நைனா.

"அவுங்கப்பன் செத்துட்டாருய்யா. கடையில குந்திகினு கீறது புள்ள."

"வாய களுவு மொதல்ல."

கழுவவில்லை, மூடிக்கொண்டேன். வாளை, நெத்திலி, சுறா என்று அடுத்தடுத்து மூன்று தடவை சரக்கு போனது. பதினோராயிரம் ரூபாய்ச் சரக்கு. முதல் தடவைக்குச் சரக்கில் வண்டு இருந்தது என்றார். இரண்டாவதற்குச் சந்தை விழுந்துவிட்டது என்றார். மூன்றாவதற்குத்தான் நல்ல பதில் கிடைத்தது அவருக்கு. பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப அந்த ஊர் சர்க்காரின் அனுமதி வேண்டுமாம். அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு மனுப் போட வேண்டும் என்பதும் உண்மைதான். அந்த மனுவை அவர் கடைசிவரை போடவே இல்லை என்று உன் மாமன் அங்கே விசாரித்து வந்து சொன்னான். அப்பன் காலத்தில் காசிமேட்டுக்காரன், பாக்கி கேட்டால் மட்டும் அயல்நாட்டான். எவ்வளவு வசதி பார்.

இந்தப் பணம் நம் பணம் மட்டும் இல்லை என்பதை நீ மறந்திருப்பாய், அந்த ஊர் இடியாப்பம் மறக்க வைத்திருக்கும். மீனைக் கீறி உப்புப் போட்டு மணலில் காயவைத்த பெண்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். படகுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் போய் "கொழும்பு சர்க்கார் அனுமதி தரவில்லை" என்று சொன்னால் கூடையாலேயே அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். என் கம்மலும் வளையலும் போய் அந்தக் கூலி கொடுத்தாயிற்று. படகுக்காரர்களுக்காகக் கிடங்கை மின்ட் தெரு சேட்டிடம் அடமானம் வைத்தோம். அவன் வருகிற ஆடி வரை பார்ப்பான், அப்புறம் பூட்டுப் போடுவான். நீ பிறந்த பத்தாம் நாள் உன்னைக் கிடத்திவிட்டு நான் நெத்திலி பிரித்தது இந்தக் கிடங்கில்தான். இதை நான் இழக்க மாட்டேன். யார் கல்யாணத்துக்காகவும் இழக்க மாட்டேன், கல்யாணம் உன்னுடையதாக இருந்தாலும்.

தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். வக்கீல் ஜாதியைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். கேட்டதற்குப் பதில் சொல்வார்கள், கேட்காததைச் சொல்ல மாட்டார்கள், இரண்டுக்கும் பீஸ் வாங்குவார்கள். முதலில் நோட்டீஸ் விடலாம் என்றார். இங்கிலீஷில் தடித்தடியாக அடித்து விட்டார். சிங்காரம் முதலாளி அதில் நெத்திலி மடித்துக் கொடுத்ததை உன் மாமன் கண்ணால் பார்த்தான். சரி, இங்கேயே கேஸ் போடுங்கள் என்றேன். போடலாம், பணம் ராயபுரத்தில் வந்து சேர வேண்டியது என்பதால் நம் கோர்ட்டே கேஸை எடுத்துக்கொள்ளும், அவர் வராவிட்டாலும் நமக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கப்புறம்தான் மெதுவாக அடுத்த விஷயத்தை எடுத்துவிட்டார். அந்தத் தீர்ப்பைக் கொழும்புக்குக் கொண்டுபோனால், அங்கே இருக்கிற ஜட்ஜ், இந்த ஆள் உங்கள் ஊரிலேயே இல்லை, உங்கள் கோர்ட்டு வாசலை மிதிக்கவும் இல்லை, அப்புறம் இந்தத் தீர்ப்பு இவரை எப்படிக் கட்டும் என்று கேட்பாராம்.

"அப்ப அந்த தீர்ப்ப வெச்சிகினு நா இன்னாங்க பண்றது?"

"பிரேம் போட்டு மாட்டிக்கலாம்மா," என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கும் நான்தான் காசு கொடுத்திருப்பேன்.

கொழும்பிலேயே கேஸ் போடுவது என்றால் அங்கே ஒரு வக்கீல், அவருக்கு இங்கேயிருந்து அதிகாரப் பத்திரம், வெளிநாட்டுக்காரி கேஸ் போடுகிறாள் என்பதால் தோற்றால் எதிராளி செலவுக்கு முன்பணமாக ஜாமீன், சாட்சி சொல்ல நாங்கள் போய்வரக் கப்பல் கூலி. பதினோராயிரத்தைப் பிடிக்க ஐயாயிரத்தை வலையாக வீச வேண்டும், அதுவும் கடன் வாங்கி. அவருடைய சரக்கோ சொத்தோ இந்த ஊருக்கு வந்தால் கோர்ட் மூலம் பிடித்து வைக்கலாம் என்றும் ஒரு வழி சொன்னார். அவர் வாங்குகிறவர், விற்கிறவர் இல்லை. அவருடையது என்று இந்த ஊருக்கு எதுவும் வராது. கடைசியாக, சரக்கு கொடுத்து மூன்று வருஷத்துக்குள் கேஸ் போட வேண்டும், இல்லாவிட்டால் பாக்கி காலாவதி ஆகிவிடும் என்றார். அதற்குள் அவரிடம், ஆமாம் பாக்கி இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கணக்காம். அந்த ஒரு வரிக்காகத்தான் கண்ணா உன்னைக் கொழும்புக்கு அனுப்பினேன். பணம் கொடுத்தால் பணம், இல்லாவிட்டால் கையெழுத்து. இரண்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தாய்.

நீ திரும்பி வந்த அன்று துறைமுகத்திலிருந்து ரிக்ஷாவில் வந்து இறங்கியது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. கையில் தங்க முலாம் போட்ட வாட்ச், பளபளவென்று புதுச் செருப்பு, தலையில் வாசனைத் தைலம். வசூலுக்குப் போனவன் மாதிரியா இருந்தாய்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளையார் பிடிக்கப் போனவனே குரங்காகித் திரும்பி வந்த கதை நம் வீட்டில்தான்.

"துட்டு இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"யம்மா, அவரு ரொம்ப நல்ல மன்சம்மா. அனுமதி வர்லன்னு கண்ணால தண்ணி வுட்டாரு. அவரு பொண்ணு பவளத்த பாத்தேம்மா."

"நா துட்ட கேக்கறேன்."

"கல்யாணம் ஆய்ட்டா அவுங்க துட்டு இன்னா நம்ம துட்டு இன்னா? எல்லாம் ஒண்ணுதான்னு அவரே சொல்ட்டாரும்மா."

உன் நைனா குதித்தே விட்டார். பெரியவருடைய பேத்தி நம் வீட்டுக்கு வருவது நாம் செய்த புண்ணியம் என்றார். நான் அந்த வாட்சைக் காதில் வைத்துக் கேட்டேன். அது ஓடவே இல்லை. அதைச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றீர்கள்.

பரிசம் போட அவர்கள்தான் இங்கே வந்தார்கள். பெண் வந்தாள், பெண்ணின் அம்மா வந்தாள், எர்ணாவூரில் லாரி வைத்திருக்கிற பெண்ணின் தாய்மாமன் வந்தான். பெண்ணைப் பெற்ற மகாராஜா மட்டும் வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டதாம், கப்பல் ஏற முடியாதாம். பெண்ணின் அப்பன் இல்லாமல் பரிசம் போட்ட குடும்பம் நம் குப்பத்தில் நாம் ஒன்றுதான். இந்த மண்ணில் கால் வைக்காதே என்று அவருடைய வக்கீல் சொல்லியிருப்பார் என்று எனக்கு அப்போதே பொறி தட்டியது. பரிசத் தட்டு மாறியதும் என் வாயும் பூட்டப்பட்டது. பரிசம் போட்ட இரண்டு வீட்டுக்கும் நடுவில் கல்யாணம் முடிகிற வரை கொடுக்கல் வாங்கல் பேச்சு எடுக்கக் கூடாது, எடுத்தவர்கள்தான் பரிசத்தை முறித்தவர்கள், அவர்கள் ஊருக்குத் தண்டம் கட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். சிங்காரத்துக்கு அப்பனுடைய யோக்கியதை ஒட்டாவிட்டாலும் அப்பனுடைய குப்பத்து வழக்கம் நன்றாக ஒட்டியிருந்தது. அடுத்த நோட்டீஸுக்கு வக்கீலிடம் போகலாம் என்று நான் கிளம்பினபோது உன் நைனா வாசலை மறித்துக்கொண்டார்.

"சம்பந்தி வூட்டுக்கு நோட்டீஸ் வுட்டா ஊரே காறித் துப்பும்டி. பேஜாரு பண்ணாம குந்து," என்றார்.

குந்தினேன். அன்றைக்கு நடந்த இன்னொன்றை உனக்கு இதுவரை சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பவளம் எழுந்து கிடங்குப் பக்கம் வந்தாள். காலி அடுக்குகளைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, "அத்தே, எங்கப்பா உங்களுக்குப் பணம் தரணும்னு எனக்குத் தெரியும். அந்தப் பணத்துக்குப் பதிலாத்தான் என்னை அனுப்புறாங்கன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்," என்றாள். குரல் நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது. இந்தப் பெண்ணை இத்தனை நாளும் சிங்காரத்தின் தூண்டில் புழு என்று நினைத்து வைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. "உனக்கும் அந்தப் பாக்கிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது கண்ணு. நீ வா. பாக்கிய நா தனியா பாத்துக்கறேன்," என்றேன். அப்பன் நல்லவர் என்பதற்காகப் பிள்ளையை நம்பியது உன் நைனாவின் மடத்தனம். அப்பன் கெட்டவர் என்பதற்காகப் பெண்ணை வெறுத்திருந்தால் அது என் மடத்தனமாகியிருக்கும். நீ அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும்தான் பார்த்திருப்பாய். பரவாயில்லை, குருட்டு யோகம் உனக்கு.

பரிசம் முடிந்ததும் நல்ல நாள் பார்க்க வேண்டுமே. முதல் நாளைக் குறித்தபோது அவர் வீட்டில் யாரோ சித்தப்பா செத்தார். இரண்டாவது நாளுக்குப் பெண்ணின் ஜாதகத்தில் ஏதோ பார்வை சரியில்லை. மூன்றாவதுக்குக் கடையில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றதும் நீ ஓடினாயே, கடையைப் பார்த்துக்கொள்ள! கடன் கொடுத்த வீட்டுப் பிள்ளை கடன்காரன் கடையில் சம்பளமில்லாமல் தராசு பிடிக்கிற அதிசயத்தை இந்த உலகத்தில் வேறு எங்காவது கேட்டதுண்டா? கூலி கேட்டாயா என்று ஒரு தடவை எழுதிக் கேட்டேன். "மாப்பிள்ளைக்குக் கூலியா என்று சிரித்தார்" என்று பதில் எழுதினாய். சிரிக்க மாட்டாரா பின்னே. பாக்கி வைத்த பதினோராயிரத்தோடு பிள்ளையையும் வட்டியாகக் கொடுத்தால் நானும் சிரிப்பேன்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. கடைசிச் சரக்குக்கும் மூன்று வருஷம் முடிந்தது. அடுத்த வாரமே அவரிடமிருந்து சந்தோஷமாக ஒரு கடுதாசி. கிரகம் எல்லாம் விலகிவிட்டதாம், பங்குனியில் முகூர்த்தம் இருக்கிறதாம், கல்யாணத்தை ராயபுரத்திலேயே வைத்துக்கொள்ளலாமாம், தாமே நேரில் வந்து தாரை வார்த்துக் கொடுப்பாராம். இடுப்பும் சரியாகிவிட்டது போலிருக்கிறது. உன் நைனா அந்தக் கடுதாசியைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினார். நான் படித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடு தள்ளுவதற்கு வைத்துக்கொண்ட அப்பனை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். பாக்கி செத்துவிட்டது, இனிமேல் தைரியமாகப் போய்ச் சந்தனம் பூசிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறார். என் கிடங்கை எடுத்துக்கொண்டு என் வீட்டுப் பந்தியிலேயே வந்து உட்கார்ந்து பாயசம் குடிக்கப் போகிறார்.

வக்கீல் வீட்டுக்குப் போய், வழக்கம் என்று சொல்லி என் கையைக் கட்டிப்போட்டு மூன்று வருஷத்தைத் தின்றுவிட்டார்கள் என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தேன். அந்த மனிதர் கொட்டாவி விட்டார்.

"யாரும்மா சொன்னது முடிஞ்சுபோச்சுன்னு? அந்த ஆள் இந்த மூணு வருஷத்துல ஒரு நாளாவது இந்தியாவுக்கு வந்தாரா?"

"வர்லயே."

"ஆள் வெளிநாட்டுல இருக்கிற காலத்தை மூணு வருஷக் கணக்குல சேர்க்கக் கூடாதும்மா. சட்டத்துலயே இருக்கு. அவர் வராத வரைக்கும் ஒரு நாள்கூட ஓடலை."

"இத்த மின்னயே சொல்லி இருக்கலாமில்ல?"

"நீங்க கேக்கலையே."

அந்த மேஜை மேலிருந்த மைக்கூட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அத்தனை நாள் தூக்கம் கெட்டது அவருக்கு ஒரு கொட்டாவி. ஆனாலும் கோபத்தை விழுங்கிக்கொண்டு, இந்தத் தடவை கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். ஆள் இங்கே வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டேன். அதற்குத்தான் அம்மா வழி இருக்கிறது என்றார். இந்த மண்ணில் இருக்கும்போது சம்மனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டால், இந்த ஊரிலேயே இல்லாதவர் என்ற பேச்சு அப்புறம் கொழும்பில் எடுபடாதாம். அதைவிடப் பெரிய வழி ஒன்றும் இருக்கிறது. பாக்கிக்காரன் நாட்டை விட்டுக் கிளம்பப் போகிறான், போனால் பணம் கிடைக்காது என்று கோர்ட்டில் காட்டிவிட்டால், தீர்ப்புக்கு முன்னாலேயே வாரண்டு கிடைக்கும். அமீனா என்கிற கோர்ட்டு ஆள் வந்து நிற்பார். பணத்தை அங்கேயே கட்டினால் அமீனா போய்விடுவார். இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய் ஜட்ஜ் முன்னால் நிறுத்துவார், அங்கே ஜாமீன் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். கல்யாணத்துக்கு மறுநாளே திரும்பிப் போக அவர் டிக்கெட் எடுத்துவிட்டார் என்று நீ எழுதிய கடுதாசி என்னிடம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் இந்த வியாபாரத்துக்கு நீ செய்த ஒரே உபகாரம் அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

எல்லாம் தயார். கேஸ் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் இறங்குகிற அன்று காலையில் வக்கீல் கோர்ட்டுக்குப் போவார். உன் நைனாவுக்குச் சொல்லவில்லை, சொன்னால் இருமலோடு வேறு ஏதாவது சேர்ந்துகொள்ளும். தாலி ஏறுகிற வரை யாரும் பந்தலுக்குள் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கல்யாணம் முடிகிற வரை கடன் பேச்சு கூடாது என்பதுதானே வழக்கம்? மூன்றாவது முடிச்சோடு வழக்கம் முடிந்தது, அப்புறம் எந்தப் பஞ்சாயத்தும் என்னைக் கேட்க முடியாது. பவளத்தின் உடம்பில் இருக்கிற நகையில் ஒரு குன்றிமணிப் பொன்னைக்கூட யாரும் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். பணம் கட்ட மனமில்லாவிட்டால் அவருடைய மைத்துனன் எர்ணாவூர் லாரிக்காரன் ஜாமீன் நிற்கட்டும். மச்சானுக்காகப் பரிசத் தட்டை வாங்கினவன்தானே, இதையும் வாங்கட்டும்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லாமலே செய்திருக்கலாம். உன் மாமன் அப்படித்தான் செய்யச் சொன்னான். "அவன் கைல சொன்னா மாமனார் கைல சொல்லிட்டு வாட்ச்ச தொடச்சிகினு குந்துவான் அக்கா," என்றான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் கல்யாணப் பந்தலில் உனக்கே தெரியாமல் அமீனாவை நிறுத்தினால், பெண்ணின் கல்யாணத்தைக் கடனுக்குக் கேடயமாக்கின சிங்காரத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்த ஆளைப் பார்த்துக் காறித் துப்புகிற உரிமை எனக்கு வேண்டும். அதற்காகவாவது நான் நேராக நடந்தாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். பவளத்திடமும் படித்துக் காட்டு. அவள் தாங்குவாள், உன்னைவிட நன்றாகத் தாங்குவாள்.

இனிமேல் உன் கையில். இதை நீ மாமனாரிடம் காட்டினால் அவருக்கு மறுபடியும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கல்யாணம் நிற்கும், ஆடியில் சேட்டு இந்தக் கதவில் பூட்டு மாட்டுவான், நீ அங்கேயே தராசு பிடித்துக்கொண்டிருக்கலாம். காட்டாவிட்டால் அவர் வருவார். கொஞ்ச நேரம் அவமானமாக இருக்கும், அவருக்கு. உனக்கும் கொஞ்சம் இருக்கும், தலையைக் குனியாதே, நாம் யாரையும் ஏமாற்றவில்லை. நான் உன்னைப் பெற்றவள்தான், ஆனாலும் நீ எதைச் செய்வாய் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. இந்த மூன்று வருஷத்தில் என்னை ரொம்ப வருத்தியது பணம் இல்லையடா, இந்தத் தெரியாமைதான். பதில் எழுத வேண்டாம். அவர் கப்பலை விட்டு இறங்கினால் உன் பதில் எனக்குப் புரிந்துவிடும். நீ காட்ட மாட்டாய் என்ற நம்பிக்கையில்தான் பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தேன். எது எப்படியோ, நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர் பசியோடு திரும்பக் கூடாது. அமீனாவுக்கும் ஓர் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.